காலக்கோடும் நிலப்படமும்: மரக்காணத்து அளத்தில் ஒரு பாடம்

திண்டிவனத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகள், ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலையில் இரண்டு தாள்களை என் முன்னே விரித்து வைத்தாள். பள்ளியில் கொடுத்த ஒப்படைப்பு. முதல் தாளில் 1920-இலிருந்து 1947 வரை ஒரு காலக்கோடு. 1930-க்கு நேரே 'உப்புச் சத்தியாகிரகம்' என்று எழுதி, கடையில் வாங்கிய காந்தியடிகள் படத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். இரண்டாம் தாளில் தமிழ்நாட்டு நிலப்படம். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் ஆகிய இடங்களில் நீல மையால் மூன்று புள்ளிகள். கீழே 'உப்பளங்கள்' என்று குறிப்பு.

"அரை மணி நேரத்துல முடிச்சுட்டேன் மாமா" என்றாள் பெருமையாக.

பிழையென்று சுட்ட எதுவும் இல்லை. மதிப்பெண் நிச்சயம். ஆனால் மூன்றாவது புள்ளி அவள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே போயிருக்கிறாயா என்று கேட்டேன். பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் வண்டியிலிருந்து வெள்ளைக் குவியல்களைப் பார்த்ததுண்டாம். உப்பு எப்படி எடுக்கிறார்கள் என்றேன். "கடல் தண்ணியைக் காய வைப்பாங்க." 1930-இல் ஏன் உப்பை எடுத்தார்கள்? "வரி போட்டாங்க, அதான்." எவ்வளவு வரி, எப்போதிலிருந்து, யாருக்கு? பேச்சு அங்கே நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. 2012-13-இல் தொடங்கி, அடுத்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்கும் வந்த தொடர் மதிப்பீட்டு முறையில், நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். மாணவர் தாமே தேடிக் கற்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். எழுதுபொருள் கடைக்காரர்கள் அந்த நோக்கத்தை நம்மைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்கள். சிந்துவெளி முதல் சுதந்திரப் போராட்டம் வரை எல்லாம் அச்சடித்த படத்தாள்களாகத் தொங்கத் தொடங்கின. இப்போது அந்தக் கடைக்கும் போக வேண்டாம். கைப்பேசியிடம் கேட்டால் கட்டுரையே வந்துவிடுகிறது. தேடிக் கற்பதற்கென்று வந்த வேலை தேடாமலேயே முடிந்துவிடுகிறது.

என் குறை வேறு. வரலாற்றுக்கு ஒரு காலக்கோடு, புவியியலுக்கு ஒரு நிலப்படம் என்று இரண்டு தாள்களை இரண்டு வேலைகளாகக் கொடுத்துவிடுகிறோம். காலக்கோட்டில் இடம் இல்லை. நிலப்படத்தில் காலம் இல்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க யாரும் சொல்வதில்லை. அப்படிப் பார்ப்பதற்கு மரக்காணத்தைப்போல வாய்ப்பான ஊர் வட தமிழகத்தில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நண்பர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, அவளையும் அவள் இரு தாள்களையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டோம்.

விடியுமுன் என்பது காரணத்தோடுதான். அளத்தில் வேலை இருட்டோடு தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு அந்த வெண்மையைக் கண் கொண்டு பார்க்க முடியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாத்திகளில் ஆண்களும் பெண்களும் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது.

எங்கள் மாணவி முதலில் கற்றுக்கொண்டது, கடல் தண்ணீரை அப்படியே காய வைப்பதில்லை என்பது. கழிமுகத்து உவர்நீரை முதலில் அகன்ற தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். அங்கே சேறும் மணலும் அடியில் தங்கும். பிறகு ஆழம் குறைந்த அடுத்தடுத்த பாத்திகளுக்கு நீரைச் சிறிது சிறிதாக நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் வெயிலும் காற்றும் நீரைக் குடிக்க, உவர் ஏறிக்கொண்டே போகும். அதை அளக்கக் கண்ணாடி மிதவை ஒன்று இருக்கிறது. 'டிகிரி' என்பது அளத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல். கடல்நீர் ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை டிகிரி. இருபத்தைந்தை நெருங்கும்போதுதான் சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் பிரிந்து முந்தைய பாத்திகளில் தங்கிவிட வேண்டும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். ஆகவே எஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிடுவார்கள். ஆக, உப்பெடுப்பது என்பது காய வைக்கும் வேலையன்று, பிரித்தெடுக்கும் வேலை. வேதியியல் பாடத்தில் பகுதிப் படிகமாதல் என்று வருவதைத்தான் இங்கே வேறு பெயரால் காலங்காலமாகச் செய்து வருகிறார்கள்.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடச் சொன்னோம். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம். அதில் சமையல் உப்பு நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு. அதாவது ஏறத்தாழ 27 கிராம். ஆயிரம் லிட்டருக்கு 27 கிலோ. இருபத்தைந்து டிகிரி வருவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிவிட வேண்டும். அப்படியானால் ஒரு மூட்டை உப்புக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் லிட்டர் நீர் வானத்துக்குப் போயிருக்கும்? அவள் கணக்கிட்டுவிட்டு அந்த உப்பு மேட்டை அண்ணாந்து பார்த்தாள்.

இந்தத் தொழில் இங்கே ஏன் வந்தது என்பது அடுத்த கேள்வி. கடல் இருந்தால் போதும் என்றால் சென்னைக் கடற்கரை முழுதும் அளமாக அல்லவா இருக்க வேண்டும்? மரக்காணத்தில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே மணல்மேடு. மணல்மேட்டுக்கு இப்பால் உவர்நீர் தேங்கும் தாழ்நிலம். தெற்கே எடையன்திட்டுக் கழிமுகம். அதற்கு மேற்கிலும் தெற்கிலும் விரிந்து கிடப்பது கழுவெளி என்னும் பெரிய சதுப்பு ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அலையின் அடி படாமல் கடல்நீர் உள்ளே வந்து போகும் வழி, நீரைக் கீழே விடாத களிமண் தரை, மேடுபள்ளமற்ற சமநிலம் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த இடம் இது. இவற்றோடு நான்காவதாக வானமும் ஒத்துழைக்கிறது. சோழமண்டலக் கரைக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வருவது. தை பிறந்த பிறகு பல மாதங்கள் வறட்சி. உழவன் சபிக்கிற அந்த வறட்சிதான் அளத்துக்காரனின் விளைச்சல் பருவம். மழை வந்தால் கழுவெளியிலிருந்து நன்னீரும் இறங்கும், பாத்தி கரைந்துபோகும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற அம்மாள் ஒருவர் இடைமறித்தார். "மழை பேஞ்சுட்டா மூணு மாசம் வேலையே கிடையாது தம்பி. அதையும் எழுதிக்கச் சொல்லு பாப்பாவ." எழுதிக்கொண்டாள். அந்த மழைக்கால மூன்று மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்ற தமிழக அரசின் திட்டம் வந்தது 2022-இல். பருவக்காற்று என்பது புவியியல் பாடம். நிவாரணம் என்பது குடிமையியல் பாடம். நம் பாடநூலில் இவற்றுக்கு நடுவே நூறு பக்கம் இடைவெளி இருக்கும். அந்த அம்மாள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வெயில் ஏறியதும் ஊருக்குள் வந்து பூமீசுவரர் கோயில் மண்டபத்தில் அமர்ந்தோம். சுவரெங்கும் சோழர் காலக் கல்வெட்டுகள். முதலாம் இராசராசன் காலத்தவையும் அவற்றுள் உண்டு. சோழர் கல்வெட்டுகளின் துணைகொண்டு உப்புத் தொழிலைப் பற்றி எழுதிய வரலாற்றறிஞர்கள் மரக்காணத்தையும் கன்னியாகுமரியையும் முக்கியமான மையங்களாகக் குறிப்பிடுவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே அளம் இருந்தது. அது அரசின் கண்காணிப்பிலும் இருந்தது.

காலக்கோட்டை 1920-இல் தொடங்கினால் போதாது என்று இப்போது அவளே சொன்னாள். எங்கிருந்து தொடங்கலாம்? இங்கேதான் இலக்கியம் உதவிக்கு வருகிறது. உதவிக்கு வந்து ஒரு பொடியும் வைக்கிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே உள்ள கடற்கரைப் பகுதி. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு என்று அதன் பெயரே நிலப்படம் வரைந்து காட்டுகிறது. நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு அவர் வழி சொல்கிறார். முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், அடுத்து முல்லை நிலத்து வேலூர், பிறகு மருத நிலத்து ஆமூர், முடிவில் தலைநகரான கிடங்கில். வேலூரை இன்றைய உப்புவேலூர் என்பர். கிடங்கில், திண்டிவனம் நகருக்குள்ளேயே இருக்கிறது. அதாவது பாணன் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்த திசையில்தான் எங்கள் மாணவி அன்று மாலை வீடு திரும்ப வேண்டும். அவள் தெருவிலிருந்து கிடங்கில் நடந்துபோகும் தூரம். அதையும் அவள் பார்த்ததில்லை.

எயிற்பட்டினத்தை மரக்காணமென்றே ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். புலவர் ஊர்ப் பெயரை நேராகச் சொல்லாமல் மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்று குறிப்பாகச் சொல்கிறார். எயில் என்றால் மதில். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ் இக்கரையில் மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம்; பொதுகே புதுவைக்கருகே உள்ள அரிக்கமேடு. சோபட்மாவைச் 'சோப்பட்டினம்' என்று படித்தால், 'சோ' என்பதற்கும் தமிழில் மதில், அரண் என்றே பொருள். பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் காதில் விழுந்ததும் நத்தத்தனார் குறிப்பால் உணர்த்தியதும் ஒரே ஊர்ப் பெயரின் இரு வடிவங்கள் என்ற கருத்து அப்படித்தான் பிறந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2005-06-இல் மரக்காணத்தில் அகழாய்வு நடத்தியதையும் இங்கே நினைவுகூரலாம்.

இனி, பொடி. எயிற்பட்டினப் பகுதியில் அன்னம்போலப் பூத்த தாழை இருக்கிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமணக் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப்போலக் கிடக்கின்றன. (ஒட்டகத்தைக் கண்டிராத ஊரில் இந்த உவமை எப்படிச் செல்லுபடியாகும் என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. துறைமுகத்து மக்கள் எதையெல்லாம் கண்டிருந்தார்கள் என்று நாம் முடிவு கட்டிவிட வேண்டாம்.) பரதவர் மகளிர் வடித்த தேறல் இருக்கிறது, உலர்ந்த மீன் சுட்டுத் தருகிறார்கள். ஆனால் உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உமணர் வண்டி இதே நூலில் வேறிடத்தில், கொற்கையைச் சொல்லும்போது வருகிறது. அங்கே உமணரோடு வந்த மந்தி, உமட்டியரின் பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி விளையாடுகிறது.

"அப்போ மரக்காணத்துல அன்னைக்கு உப்பு எடுக்கலையா மாமா?" என்றாள். இந்தக் கேள்வி அவள் வாயில் வந்ததற்கே அந்தப் பயணத்துக்குப் பொருள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாதது இல்லாததாகாது, அதற்காக இருந்தது என்று நாமே எழுதிவிடவும் கூடாது. புலவர் பாணனுக்கு விருந்து சொல்கிறார், ஊருக்குப் புள்ளிவிவரம் சொல்லவில்லை. சங்கக் காலத்தில் உப்பு வணிகம் எப்படி நடந்தது என்பதற்குப் பிற பாடல்களில் சான்று நிறையவே உண்டு. நெல்லுக்கு உப்பு மாற்றினார்கள். சாத்தாக வண்டிகட்டி மேட்டு நிலங்களுக்குப் போனார்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று இன்னொரு அச்சை வண்டிக்கடியில் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதுவரை ஔவையார் பாட்டொன்றால் அறிகிறோம். அவற்றைக் கொண்டு மரக்காணத்து நிலையை ஊகிக்கலாம். ஊகம் என்று எழுதிவிட்டு ஊகிக்கலாம். அவள் காலக்கோட்டில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். நான் பார்த்த பள்ளிக் காலக்கோடுகளில் கேள்விக்குறி உள்ளது அது ஒன்றுதான்.

சோழருக்குப் பின் நேராகக் கும்பெனி ஆட்சிக்கு வருகிறேன். இடையில் உள்ளதைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு கிழக்கிந்தியக் கும்பெனியின் தனியுரிமையாயிற்று. உப்பை விளைவிப்பவன் அதைக் கும்பெனிக்கே கொடுக்க வேண்டும். கும்பெனி வைத்ததே விலை. அளத்திலிருந்து ஒரு கை உப்பை மடியில் கட்டிக்கொண்டு போவதும் குற்றமாகத் தொடங்கியது அப்போதிருந்துதான். இங்கேயும் நிலப்படத்தை விரித்தால்தான் கதை புரியும். மரக்காணத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. அங்கே கும்பெனிச் சட்டம் செல்லாது. ஆனால் அங்கேயும் அதே கடல், அதே வெயில், அதே களிமண். வரியில்லாத உப்பு எல்லை தாண்டி வந்தால் கும்பெனியின் தனியுரிமை என்னாவது? 1815-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் பிரெஞ்சுப் பகுதியின் உப்பை வாங்கும் உரிமையை ஆங்கிலேயர் தமக்கே எடுத்துக்கொண்டனர். 1818-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே உப்பு விளைவிப்பதையே நிறுத்தி, அளத்துக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுப்பதென ஏற்பாடாயிற்று. உப்பு விளையாமல் இருப்பதற்குக் காசு! ஒரே கடற்கரையில் வடக்கே விளைவிக்க ஆணையும் தெற்கே விளைவிக்கத் தடையும் இருந்த அந்த விந்தையை, இரண்டு ஊர்களையும் ஒரே படத்தில் குறித்துப் பார்க்காத மாணவர் எப்படி அறிய முடியும்?

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பக்கிங்காம் கால்வாயைக் காட்டினோம். அந்தக் கால்வாயின் தென்கோடி மரக்காணம்தான். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கிச் சென்னைவரை 315 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து மரக்காணம்வரை 103. பேசில் காக்ரேன் என்பவர் தம் சொந்த முயற்சியில் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே வெட்டி, 1806-இல் திறந்த சிறு கால்வாயே இதன் தொடக்கம். பின்னால் அரசு எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. உப்பும் விறகும் நெல்லும் படகேறிச் சென்னைக்குப் போயின. நகரத்துக்கு நடுவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. அதை வெட்டியது 1877-78-இல். வெட்டியவர்கள் தாது வருடப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன். கால்வாய்க்கு அவர் பெயர். வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

1876-இலிருந்து 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் மட்டும் இறந்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அதே பஞ்சத்தையொட்டி, இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான உப்பு வரி என்ற பெயரில் 1878-இல் ஒரு மாற்றம் வந்தது. வடக்கே பல இடங்களில் வரி குறைந்தது. சென்னை, பம்பாய் மாகாணங்களிலோ மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. ஒரு மணங்கு ஏறத்தாழ 37 கிலோ.

மறுபடியும் ஒரு கணக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ உப்பு என்று நாமே வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இருபத்தைந்து கிலோ. புதிய வரி மட்டும் ஏறத்தாழ 27 அணா. 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலையில் ஆண் ஒருவனுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பின்னால் கூலியைச் சற்றுக் கூட்டினார்கள் என்றாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இது போதும். ஒரு குடும்பம் ஓராண்டு உப்புக்குச் செலுத்திய வரி, அந்தக் கூலியாளின் 27 நாள் காசு. எங்கள் மாணவி இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். கால்வாய் வெட்டியவர்களும், அதே கால்வாயில் போன உப்புக்கு வரி செலுத்தியவர்களும் ஒரே மக்கள் என்பது நிலப்படத்திலும் இல்லை, காலக்கோட்டிலும் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்ததால் தெரிந்தது.

இதற்குப் பிறகு 1930-ஐ அவள் வேறு விதமாகப் பார்த்தாள். மார்ச்சு 12-ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பெடுத்தார். ஏப்ரல் 13-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து 28-இல் வேதாரண்யம் சேர்ந்து, 30-இல் கைதானார். இவை அவளுக்கு ஏற்கனவே மனப்பாடம். புதிதாக ஒன்று கேட்டாள்: மரக்காணத்தில் இவ்வளவு உப்பு இருக்கும்போது வேதாரண்யத்துக்கு ஏன் போனார்கள்? உப்பு இருந்தால் மட்டும் போராட்டம் நடந்துவிடாது. வந்தவர்களுக்குச் சோறு போட, மறைத்து வைக்க, வீட்டை இழக்கத் துணிந்த ஊரும் வேண்டும். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை இருந்தார், உப்புத் தொழிலை நன்கறிந்தவர். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் தொண்டர்களுக்கு உதவக் கூடாதென்று மிரட்டியும் வழியூர் மக்கள் உதவினார்கள். எந்த இடத்தில் வரலாறு நடக்கிறது என்பதை மண் மட்டும் தீர்மானிப்பதில்லை.

மரக்காணம்போன்ற ஊர்களுக்கு 1930-ஐவிட 1931 நெருக்கமான ஆண்டு என்றுகூடச் சொல்லலாம். அவ்வாண்டு மார்ச்சில் ஏற்பட்ட காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு கிடைக்கும் இடங்களை அடுத்த சிற்றூர் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கும் ஊருக்குள் விற்பதற்கும் உப்பெடுத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. பாடநூல் இவ்வொப்பந்தத்தை வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியாக மட்டுமே பார்க்கும். அளத்துக்கருகே வாழ்ந்த குடும்பத்துக்கு அது அடுப்படிச் செய்தி. வரி முழுமையாக நீங்கியது 1947-இல்.

பிறகும் காலக்கோடு நிற்கவில்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உப்பு மத்திய அரசின் பட்டியலில் 58-ஆவது இனமாக இடம்பெற்றது. மனிதர் உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம் என்பது 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கழலை நோயைத் தடுக்க வேண்டியதுதான், ஆயினும் அளத்திலிருந்து உப்பு நேராக அடுப்பங்கரைக்குப் போன வழி அத்தோடு அடைபட்டது. இந்திய உப்பில் முக்கால் பங்குக்கு மேல் இன்று குஜராத்திலிருந்து வருகிறது. தமிழகத்துக்குள் தூத்துக்குடிதான் பெரியது. மரக்காணம் இந்தப் போட்டியில் சிறிய புள்ளி. நிலப்படத்தில் மூன்று புள்ளிகளும் ஒரே அளவில் இருந்ததை அழித்து, அவள் மூன்று அளவில் போட்டாள்.

'சம்பளம்' என்ற சொல் சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாகக் கொடுத்ததால் வந்தது என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இலத்தீனில் 'சலாரியம்' என்பதும் உப்பிலிருந்து வந்ததால் இக்கதைக்கு மவுசு அதிகம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. காலக்கோட்டில் ஏற்றும் அளவுக்கு அதில் உறுதி இல்லை என்று விட்டுவிட்டோம்.

புறப்படுமுன் காலையில் கண்ட அம்மாளை மீண்டும் பார்த்தோம். அவர் மகளும் பத்தாம் வகுப்பாம், அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளியில். அவளுக்கும் இதே ஒப்படைப்பு வந்ததா என்று எங்கள் மாணவி கேட்டாள்.

"வந்துச்சே. தண்டி எங்க இருக்குதுன்னு படம் போட்டுட்டுப் போனா" என்றார் அவர்.

அளத்துக்கு அந்தப் பெண் வருவாளா என்று நான் கேட்டேன். வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். "கால்ல பாரு" என்று தம் பாதத்தைக் காட்டினார். வெடித்து வெளுத்திருந்தது. "அவ படிச்சு வேற வேலைக்குப் போவணும்." அதில் மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. தாய் அறிந்த தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டாம். ஆனால் தாய் அறிந்ததில் ஒரு வரிகூடப் பிள்ளையின் பாடத்தில் இல்லாமல் போவது வேறு செய்தி. எத்தனை டிகிரியில் உப்பு விழும், எத்தனையில் கசக்கும், எந்தக் காற்று அடித்தால் பாத்தி சீக்கிரம் காயும் என்பதெல்லாம் அந்த வீட்டில் பேசப்படும் மொழி. அதைப் பதினைந்து மதிப்பெண் கேள்வியாக யாரும் கேட்டதில்லை.

எங்கள் மாணவி திங்கட்கிழமை இரண்டு ஒப்படைப்புகளையும் எடுத்துப்போனாள். முதலில் செய்ததற்கு முழு மதிப்பெண். இரண்டாவதை ஆசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, கேள்விக்குறி போட்ட இடத்தில் விரல் வைத்து, "இது என்ன?" என்று கேட்டாராம். இவள் விளக்கியிருக்கிறாள். கால்மணி நேரம் வகுப்பு அதிலேயே போனதாம். மதிப்பெண் போடவில்லை, தாளைத் திருப்பித் தரவும் இல்லை. வகுப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

அதன் படியொன்றை மரக்காணத்துப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறோம். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது: கழிமுகத்து நீர் தேக்கத்துக்கு வரும் வாய்க்காலை நாங்கள் தவறான பக்கத்தில் வரைந்துவிட்டோமாம். சரியான பக்கத்தைப் பென்சிலால் குறித்து அனுப்பியிருந்தாள்.